கூரைச் சோலார் கோளாறுகள்: அறிகுறி தோன்றும் நேரத்தைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

பினாங்குத் தீவிலும் அக்கரையில் செபராங் பிறையிலும் டெரஸ் வீட்டுக் கூரைகளில் சோலார் பலகைகளைக் காண்பது இன்று புதுமையன்று. 2021-இல், கூரையில் மிஞ்சும் மின்சாரத்தை வெளியே தந்து பில்லில் ஈடு பெறும் நெம் 3.0 திட்டம் தொடங்கிய பிறகு பொருத்திய வீடுகள் பலவற்றில் பொருத்துநர் தந்த இலவசப் பராமரிப்புக் காலம் முடிந்துவிட்டது. ஆகவே, ஏதேனும் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் யாரை அழைப்பது, எதைச் சொல்லி அழைப்பது என்ற கேள்வி வீட்டுக்காரரின் தலையிலேயே விழுகிறது. அந்த முதல் அரைமணி நேரத்தில் அவர் தாமே செய்து பார்க்கக்கூடியவற்றையும், ஒருபோதும் செய்யக்கூடாதவற்றையும் இங்கே அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

அறிகுறி என்ன என்பதைக் காட்டிலும் அது எப்போது தோன்றுகிறது என்பதே கூடுதலாகப் பேசும். மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் வரும் பிழை ஈரத்தைச் சுட்டுகிறது. உச்சிவெயிலில் மட்டும் வருவது பெரும்பாலும் வோல்டேஜ் உயர்வைச் சுட்டுகிறது. நாள்தோறும் அதே மணியில் வருவது நிழலைச் சுட்டுகிறது. மாதக்கணக்கில் மெல்ல வளர்வது அழுக்கைச் சுட்டுகிறது. பலகைகள்தாம் கெட்டுவிட்டன என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு செய்து, புதிய பலகைக்கு விலை கேட்கப் போகிறவர்கள் உண்டு. உண்மையில் இந்த அமைப்பில் எளிதில் கெடாத உறுப்பு பலகைதான். கோளாறு பெரும்பாலும் இணைப்பியில், கம்பியில், சுவிட்சில், பலகையின் நேர்மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரில் அல்லது வீட்டுக்கு வெளியே உள்ள மின்வழியில் இருக்கிறது.

தொடங்கும் முன் பாதுகாப்பு

வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை பலகையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதை அணைக்கச் சுவிட்ச் கிடையாது. வீட்டுக் கூரையில் வரிசையாக இணைத்த பலகைகளின் நேர்மின் (டி.சி.) வோல்டேஜ் 300 முதல் 500 வரை இருப்பது சாதாரணம். மாறுமின்சாரம் (ஏ.சி.) ஒரு நொடியில் நூறுமுறை சுழியத்தைத் தொடுவதால் அதன் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. நேர்மின்சாரத்தின் தீப்பொறிக்கு அந்த வாய்ப்பு இல்லை, இடைவெளி விழுந்த இடத்தில் தொடர்ந்து எரியும். எனவே, அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, பலகைக் கம்பிகளை ஒன்றோடொன்று சேர்க்கும் எம்.சி.4 இணைப்பியை இழுத்துக் கழற்றக்கூடாது. இன்வெர்ட்டரின் மூடியைத் திறக்கவும் கூடாது. அணைக்க வேண்டிய வரிசை இது: முதலில் டிபி பெட்டியில் (வீட்டின் பிரேக்கர்கள் உள்ள பெட்டி) உள்ள சோலார் பிரேக்கர், அடுத்து இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் உள்ள டி.சி. ஐசோலேட்டர், அதாவது பலகைக் கம்பியைத் துண்டிக்கும் சுவிட்ச். மீண்டும் போடும்போது இன்வெர்ட்டரின் கையேட்டில் உள்ள வரிசையைப் பின்பற்றுங்கள். கருகல் வாடை வந்தாலோ, ஐசோலேட்டர் பெட்டி உருகியிருந்தாலோ, உள்ளே சடசடவென்ற ஓசை கேட்டாலோ, அதன் கைப்பிடியைத் தொடாமல் டிபியில் மட்டும் அணைத்துவிட்டு, விலகி நின்று ஆளை அழைக்க வேண்டும்.

எது இயல்பு என்பதை அறிதல்

கோளாறு என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு கோளாறே அன்று. ஐந்து கிலோவாட் பலகை வைத்தவர், உற்பத்தியைக் காட்டும் கைப்பேசிச் செயலியில் நான்கு கிலோவாட்டுக்கு மேல் ஏறவில்லை என்று கவலைப்படுகிறார். பலகையின் மேல் எழுதியுள்ள திறன் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அளந்தது. நம் ஊர் வெயிலில் பலகையின் வெப்பம் 65 பாகையைத் தொடும். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.35 விழுக்காடு வீதம் திறன் குறைவதால், அந்த 40 பாகை உயர்வே 14 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. நாளின் மிக உயர்ந்த எண்ணிக்கை, மேகம் விலகிய உடனே, பலகை குளிர்ந்திருக்கும் சில நிமிடங்களில் பதிவாவதும் இதனால்தான்.

உற்பத்தி வரைபடத்தின் உச்சி 12 மணிக்கு வராமல் ஒரு மணியைத் தாண்டி வருவதும் குறையன்று. தீபகற்ப மலேசியா 1982 சனவரி முதல் நாளில் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்தள்ளியதால், பினாங்கில் சூரியன் உச்சியில் நிற்கும் நேரம் ஏறத்தாழ 1.20. ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால், நிழலற்ற கூரையில் ஒவ்வொரு கிலோவாட் பலகையும் நாளொன்றுக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை தர வேண்டும். கோலாலம்பூரில் இதைவிடச் சற்றுக் குறையும். ஒற்றை நாளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தைப்பூசம் வரும் சனவரி, பிப்ரவரி மாதங்கள் பினாங்கில் வறண்டவை. தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் மழை மிகுந்தவை. தைப்பூச மாதத்து உற்பத்தியைச் சென்ற ஆண்டின் தைப்பூச மாதத்தோடு ஒப்பிடுவதே முறை.

அறிகுறி: பட்டப்பகலில் இன்வெர்ட்டர் ஓடவில்லை

முதலில் வீட்டில் மின்விநியோக நிறுவனமான டிஎன்பியின் மின்சாரம் இருக்கிறதா என்று பாருங்கள். மின்வெட்டு ஏற்பட்டால் சோலாரும் சேர்ந்து நின்றுவிடும். வெளியே கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு நம் கூரை மின்சாரம் பாய்ந்துவிடக்கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டர் அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். சாதாரண இன்வெர்ட்டரைக் குறை சொல்வதில் பொருளில்லை. இரவில் திரை முழுதும் இருண்டு கிடப்பதும் பல இன்வெர்ட்டர்களில் இயல்பே, ஏனெனில் திரைக்கான மின்சாரம் பலகையிலிருந்துதான் வருகிறது.

வீட்டில் மின்சாரம் இருந்தும் இன்வெர்ட்டர் 'மின்வழி இல்லை' என்று காட்டினால், டிபி பெட்டியில் சோலார் பிரேக்கரும் மின்கசிவு கண்டால் விழும் இ.எல்.சி.பி.யும் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஒருமுறை மட்டும் தூக்கிவிடலாம். மறுபடி விழுந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பாதுகாப்புச் சாதனம் தன் வேலையைச் செய்கிறது. மாறாக, டிபியில் எல்லாம் சரியாக இருந்து நல்ல வெயிலிலும் திரை இருண்டே கிடந்தால், பலகையிலிருந்து மின்சாரம் வந்து சேரவில்லை அல்லது இன்வெர்ட்டரின் உள்ளே ஏதோ போய்விட்டது என்று பொருள். டி.சி. ஐசோலேட்டரை யாரேனும் அணைத்துவிட்டார்களா என்பதை மட்டும் பாருங்கள். சுவருக்குச் சாயம் பூச வந்தவர்கள் அணைத்துவிட்டுப் போன வீடுகளும் உண்டு.

அறிகுறி: காலையில் பிழை, பத்து பதினொரு மணிக்குத் தானாகச் சரியாகிறது

இன்வெர்ட்டர் ஒவ்வொரு காலையும் மின்வழியோடு இணையும் முன், பலகைக் கம்பிகளுக்கும் பூமிக்கும் இடையே உள்ள காப்புத்தடையை, அதாவது மின்சாரம் கசியாமல் தடுக்கும் அளவை, அளந்து பார்க்கும். அது குறைவாக இருந்தால் 'ஐசோலேஷன்' என்றோ 'இன்சுலேஷன்' என்றோ ஒரு பிழையைக் காட்டிவிட்டுக் காத்திருக்கும். இரவு மழை பெய்து காலையில் கூரை ஈரமாக இருக்கும்போது மட்டும் இது தோன்றி, வெயில் ஏறியதும் மறைந்தால், எங்கோ ஓரிடத்தில் நீர் புகுந்திருக்கிறது என்று ஐயமின்றிச் சொல்லலாம்.

நீர் புகும் இடங்களை நான் இந்த வரிசையில் சந்தேகிப்பேன். முதலாவது, ஓட்டின் மேல் அப்படியே கிடக்கும் எம்.சி.4 இணைப்பி. கம்பிகளைச் சட்டத்தோடு கட்டித் தூக்கி நிறுத்தாமல் விட்டால், மழைநீர் ஓடும் வழியிலேயே இணைப்பி படுத்துக் கிடக்கும். இரண்டு வேறு தயாரிப்பாளர்களின் ஆண், பெண் முனைகளைச் சேர்த்து மாட்டியிருந்தால் பார்வைக்குப் பொருந்தியது போலிருந்தாலும் ரப்பர் வளையம் சரியாக அழுந்தாது. அப்படி ஒரு சோடியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டிய ஊசி பச்சைப் பூத்திருக்கும், பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் பழுப்புநிற வளையம் ஒன்று படிந்திருக்கும், விரலால் தட்டினால் ஒரு சொட்டு நீர் விழும். அந்த ஒரு சொட்டு போதும், காலை உற்பத்தி முழுவதையும் நிறுத்த. தஞ்சோங் பூங்கா, பத்து ஃபிரிங்கி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இந்த அரிப்பை இன்னும் விரைவுபடுத்துகிறது.

இரண்டாவது, கூரைமேல் வைத்த ஐசோலேட்டர். கம்பி அதன் மேற்புறம் வழியாக நுழைந்தால் நீரும் கம்பியைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். கீழ்ப்புறம் வழியாக நுழைவதே சரி. மூன்றாவது, ஓட்டின் விளிம்பில் நசுங்கிய கம்பி அல்லது எலி கடித்த கம்பி. பலகையின் பின்புறப் பெட்டி வெடித்து நீர் புகுவது இவற்றிலும் அரிது.

வீட்டுக்காரர் இங்கே செய்ய வேண்டியது குறித்துவைத்தல் மட்டுமே: எந்த நாள், முந்திய இரவு மழை உண்டா, எத்தனை மணிக்குச் சரியானது, திரையில் காட்டிய தடையின் அளவு என்ன. இந்தக் குறிப்பு இருந்தால் ஆள் வந்து தேடும் நேரம் பாதியாகக் குறையும். மற்றபடி, பிழை வரும்போதெல்லாம் அணைத்து அணைத்துப் போட்டு ஓட வைக்க முயல்வது தவறு. நாளடைவில் பிழை மறையும் நேரம் பத்து மணியிலிருந்து நண்பகலுக்குத் தள்ளிப்போனால் கேடு வளர்கிறது என்று அறியலாம். மழையில்லாத நாளிலும் பிழை நீடித்தால் அமைப்பை அணைத்துவைத்துவிட்டே ஆளுக்குக் காத்திருங்கள். காப்பு இழந்த நேர்மின் கம்பி தீக்கு வழி.

அறிகுறி: உச்சிவெயிலில் நின்று நின்று ஓடுகிறது

"வெயில் நல்லா அடிக்கிறப்பதான்ணே கரெக்டா நின்னுபோகுது" என்று ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டு அம்மா சொன்னார். அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. செயலியில் வரைபடம் காலையில் அழகாக ஏறி, பதினொன்றரை முதல் மூன்று மணி வரை சீப்புப் பல் போல ஏறி இறங்கி, பிறகு மீண்டும் ஒழுங்காகச் சரியும். மேகம் வந்து போனாலும் ஏறி இறங்கும். ஆனால் அப்போது எண்ணிக்கை சுழியத்தைத் தொடாது. சுழியத்துக்கு விழுந்து, சில நிமிடங்கள் அங்கேயே கிடந்து, பிறகு எழுந்தால் இன்வெர்ட்டர் தன்னைத்தானே துண்டித்துக்கொள்கிறது.

காரணம் இது. நம் நாட்டில் வீட்டு மின்சாரத்தின் பெயரளவு 230 வோல்ட். கூடுதலாகப் பத்து விழுக்காடும் குறைவாக ஆறு விழுக்காடும் அனுமதிக்கப்படுவதால், 216 முதல் 253 வரை ஏற்கத்தக்கது. மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமானால் இன்வெர்ட்டர் தன் முனையில் வோல்டேஜைக் கொஞ்சம் உயர்த்தியே ஆக வேண்டும். வெயில் கூடக் கூட அது தள்ளும் மின்னோட்டமும் கூடுகிறது, முனையில் வோல்டேஜும் ஏறுகிறது. மேல் எல்லையைத் தாண்டியதும் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று காட்டிவிட்டு விலகிக்கொள்கிறது.

அந்த உயர்வு வீட்டுக்குள் நேர்கிறதா, வெளியே நேர்கிறதா என்பதைப் பிரித்தறிவதே இங்கே முழு வேலை. அதற்கு மூன்று எண்களை நாமே எடுக்கலாம். இன்வெர்ட்டரின் திரையிலோ செயலியிலோ மாறுமின் வோல்டேஜ் காட்டப்படும். உற்பத்தி தொடங்கும் காலை வேளையில் அது எவ்வளவு, பத்தரை மணிக்கு எவ்வளவு, துண்டிக்கும் தறுவாயில் எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்துவாருங்கள். கூடவே, நண்பகலில் ஏர்கானை ஓடவிட்டால் துண்டிப்பு குறைகிறதா என்றும் பாருங்கள். நம் வீட்டிலேயே மின்சாரம் செலவாகும்போது வெளியே தள்ள வேண்டிய அளவு குறைவதால் வோல்டேஜ் சற்று இறங்கும்.

காலையிலேயே 245-ஐ ஒட்டி இருந்தால் வெளிவழியின் வோல்டேஜ் இயல்பாகவே உயர்ந்திருக்கிறது. ஒரே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பல கூரைகள் ஒரே நேரத்தில் மின்சாரம் தள்ளும்போதும், பகலில் ஆளில்லாத வீடுகள் மிகுந்த தெருவிலும் இது நேரும். டிஎன்பியிடம் வோல்டேஜ் பற்றிய புகாராகவே பதிவு செய்ய வேண்டும்; 'சோலார் ஓடவில்லை' என்று சொன்னால், பொருத்தியவரைக் கேளுங்கள் என்ற பதில்தான் வரும். குறித்துவைத்த எண்களைத் தேதியோடும் நேரத்தோடும் இணைத்துக் கொடுங்கள். வழியின் வோல்டேஜைச் சில நாட்கள் பதிவு செய்து, தேவையானால் டிரான்ஸ்ஃபார்மரில் திருத்துவது அவர்கள் பொறுப்பு.

காலையில் 235 இருந்து நண்பகலில் 254-க்கு ஏறினால், இன்வெர்ட்டருக்கும் டிபிக்கும் இடையே ஓடும் கம்பியையும் பாருங்கள். ஜெலுத்தோங் வீட்டில் இன்வெர்ட்டர் கார் நிறுத்துமிடத்துச் சுவரிலும் டிபி பின்கட்டிலும் இருந்தன. இப்படி 30 மீட்டர் தொலைவுக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டு, ஐந்து கிலோவாட் அளவில் ஏறத்தாழ 22 ஆம்பியர் ஓடினால், அந்தக் கம்பியிலேயே 7 வோல்ட் ஏறிவிடும். அதே தொலைவுக்கு 10 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் 3 வோல்ட்டுக்குள் அடங்கியிருக்கும். ஒரே நேரத்தில் இன்வெர்ட்டர் முனையிலும் டிபியிலும் வோல்டேஜை அளந்து வித்தியாசம் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். பதிவுபெற்ற வயர்மேன் ஒருவர் பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. தளர்ந்த திருகு ஒன்று டிபியில் இருந்தாலும் இதே அறிகுறி வரும். அந்த இடம் சூடேறுவதால், அதைக் கண்டுபிடிப்பது உற்பத்திக்காக மட்டுமன்றி வீட்டின் பாதுகாப்புக்காகவும் வேண்டும்.

துண்டிப்பு எல்லையை இன்வெர்ட்டரின் அமைப்புக்குள் சென்று உயர்த்திவிடலாம் என்று சிலர் வழி சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். பிழைச்செய்தி மறைந்துவிடும், உயர்ந்த வோல்டேஜ் வீட்டிலுள்ள குளிர்பெட்டிக்கும் விளக்குகளுக்கும் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும்.

அறிகுறி: நாள்தோறும் அதே மணியில் உற்பத்தி சரிகிறது

இது நிழல். ஆயர் ஈத்தாமில் மலையடிவாரத்தை ஒட்டிய வீடுகளில் மாலைச் சூரியன் பினாங்கு மலைத்தொடருக்குப் பின்னால் சீக்கிரமே மறைகிறது. மறுபக்கம் பாலிக் புலாவில் காலைச் சூரியன் தாமதமாக எட்டிப் பார்க்கிறது. இந்த இழப்புக்குப் பரிகாரம் இல்லை. கூரைமேல் உள்ள தண்ணீர்த் தொட்டி, ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டு, பக்கத்து வீட்டு மாமரம் ஆகியவற்றின் நிழல் வேறு வகை. வரிசையாக இணைத்த பலகைகளில் ஒன்றின்மேல் விழும் சிறு நிழலும் அந்தப் பலகையின் ஒரு பகுதியை முழுதாக முடக்கிவிடும். பொதுவாக ஒரு பலகை மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுவழி டையோடு இருப்பதால் கெடுதி ஓரளவு அடங்குகிறது.

பொருத்தும்போது இல்லாத நிழல் பிறகு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜார்ஜ்டவுன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். டிசம்பரில் தள்ளி விழுந்த தொட்டி நிழல் ஜூனில் பலகைமேல் விழுவது அதனால்தான். ஒரு வெயில்நாளில், வரைபடம் சரியும் அதே மணிக்குத் தெருவில் நின்று கூரையைப் பார்த்தாலே போதும். மேலே ஏற வேண்டியதில்லை. மரமென்றால் கிளையை வெட்டலாம். தட்டென்றால் நகர்த்தலாம்.

அறிகுறி: மாதக்கணக்கில் மெல்லக் குறைகிறது

நல்ல பலகை ஆண்டுக்கு ஏறத்தாழ அரை விழுக்காடு அளவே மூப்படையும். ஓராண்டில் பத்து விழுக்காடு குறைந்தால் அது மூப்பன்று. பிறை தொழிற்பேட்டைப் பக்கத்துத் தூசி, கட்டுமானத் தூசி, புறா எச்சம், பலகையின் கீழ்விளிம்பில் படரும் பச்சைப் பாசி ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. பத்துப் பாகைக்குக் குறைவான சாய்வில் மழைநீர் அழுக்கை அடித்துக்கொண்டு போகாமல் கீழ்ச்சட்டத்தை ஒட்டித் தேங்கி, அங்கே அழுக்கைப் படியவிட்டு வற்றும். பாசி கண்ணாடியைக் கவ்விக்கொண்டால் மழை எவ்வளவு பெய்தாலும் போகாது, மென்தூரிகையால்தான் போகும்.

கழுவுவது அதிகாலையிலோ மாலையிலோ இருக்க வேண்டும். சூடேறிய கண்ணாடியில் குளிர்நீர் பட்டால் விரிசல் விழலாம். சவர்க்காரத் தூளும் உயரழுத்தப் பீச்சியும் வேண்டாம். வெறும் நீரும் மென்தூரிகையும் போதும். பலகைமேல் கால் வைப்பது அறவே கூடாது, ஏனெனில் வெளியே தெரியாத மயிரிழை விரிசல்கள் உள்ளே விழுந்துவிடும். இரண்டு மாடிக் கூரையில் வீட்டுக்காரர் தாமே ஏறுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்; அதற்கென்று கயிறும் இடுப்புவாரும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

புகைமூட்டக் காலத்தையும் கணக்கில் எடுங்கள். 2015-லும் 2019-லும் சுமத்திரா, கலிமந்தான் காட்டுத்தீப் புகை நாட்டை மூடியபோது வானம் வாரக்கணக்கில் வெளிறிக் கிடந்தது. அத்தகைய வாரங்களின் எண்ணிக்கையை வைத்து அமைப்பை எடைபோடக்கூடாது.

கழுவிய பிறகும் உயராவிட்டால், செயலியில் ஒவ்வொரு பலகை வரிசையின் வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே எண்ணிக்கைப் பலகைகள் கொண்டு ஒரே திசை நோக்கும் இரண்டு வரிசைகளில் ஒன்றின் வோல்டேஜ் மட்டும் தொடர்ந்து குறைவாக இருந்தால், அங்கே டையோடோ பலகையோ பழுதாகியிருக்கிறது.

அறிகுறி: இடி மின்னலுக்குப் பிறகு நின்றுவிட்டது

உலகில் இடிமழை மிகுந்த பகுதிகளில் தீபகற்ப மலேசியாவின் மேற்குக்கரையும் ஒன்று. இன்வெர்ட்டருக்குப் பக்கத்துப் பெட்டியில் திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து காக்கும், விரல் பருமனான சர்ஜ் காப்பான்கள் இருக்கும். அவற்றின் சிறு சாளரத்தில் பச்சை தெரிந்தால் நலம், சிவப்பு தெரிந்தால் அது மின்னலின் அடியை வாங்கிக்கொண்டு தன் ஆயுளை முடித்துவிட்டது. அப்போதும் இன்வெர்ட்டர் ஓடக்கூடும், ஆனால் அடுத்த இடிக்குக் காவல் இல்லை. ஆகையால், ஒவ்வோர் இடிமழைக்குப் பிறகும் மூடியைத் திறக்காமல் கண்ணாடி வழியாக அந்த நிறத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது டி.சி. பக்கத்துக் காப்பான் இருக்கும் இடத்தில் ஏ.சி. வகையைப் போடவிடாதீர்கள்.

அறிகுறி: செயலியில் எதுவும் தெரியவில்லை

திரையில் உற்பத்தி தெரிந்தால் அமைப்பு நலமாக இருக்கிறது, தொடர்புதான் அறுந்திருக்கிறது. ரூட்டரை மாற்றினீர்களா, கடவுச்சொல்லை மாற்றினீர்களா என்று பாருங்கள். பெரும்பாலான இன்வெர்ட்டர்களின் வைஃபை கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும்.

அறிகுறி: உற்பத்தி இருக்கிறது, பில் குறையவில்லை

இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டும் பில்லில் வரவாகும் யூனிட்டும் ஒன்றல்ல. உற்பத்தியில் வீட்டிலேயே உடனுக்குடன் செலவானது போக மிஞ்சியதுதான் மீட்டர் வழியாக வெளியே போகிறது. ஐயமிருந்தால் ஒரு வெயில்நாள் நண்பகலில் வீட்டிலுள்ள மற்ற பிரேக்கர்களை அரைமணி நேரம் அணைத்துவிட்டு, இன்வெர்ட்டர் அந்த நேரத்தில் உற்பத்தி செய்ததையும் மீட்டரின் ஏற்றுமதி எண் கூடியதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். ஏற்றுமதி எண் அசையவே இல்லையென்றால் மீட்டரிலோ இணைப்பிலோ குறை உண்டு. அதை டிஎன்பியிடம் கொண்டுசெல்லுங்கள்.

ஒத்துப்போனால், வீட்டின் பயன்பாட்டைப் பார்க்க வேண்டும். சோலார் இருக்கிறதே என்ற துணிவில் பகல் முழுதும் ஏர்கான் போடுவதும், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து தங்கியதும், பழைய குளிர்பெட்டியைப் பின்கட்டில் ஓடவிட்டதும் பில்லில் வந்து நிற்கும். உங்கள் வீடு எந்தத் திட்டத்தின்கீழ் பதிவாகியுள்ளது என்பதும் முக்கியம். நெம் 3.0-இன் வீட்டுப் பிரிவில் ஏற்றுமதியான ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் என்று பத்தாண்டுகளுக்கு ஈடு செய்யப்படுகிறது. 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த பழைய ஃபிட் திட்டத்தில் கணக்கே வேறு. அங்கே உற்பத்தியை விற்றுத் தனியாகப் பணம் பெறுகிறார்கள். பில்லில் கே.டபிள்யூ.டி.பி.பி. என்ற பெயரில் வரும் 1.6 விழுக்காடு உங்கள் சோலாருக்கான கட்டணமன்று. அந்த ஃபிட் திட்டத்துக்கான நிதிக்குப் போகும் தொகை அது.

அறிகுறி: சோலார் வாட்டர் ஹீட்டரில் நீர் சூடாகவில்லை

மின்பலகை வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் கூரைகளில் ஏறியது இதுதான். மாலையில் நல்ல சூடு, விடியற்காலையில் வெதுவெதுப்பு என்றால், இரவில் பயன்பாடு தொட்டியின் கொள்ளளவை மிஞ்சியிருக்கலாம். மாலையிலேயே சூடு இல்லையென்றால், முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். தொட்டிக்குள் நுழையும் குளிர்நீர் வால்வை மூடிவிட்டு, ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து சில நிமிடங்கள் விடுங்கள். நீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால், வீட்டில் எங்கோ ஒரு கலவைக் குழாய் வழியாகக் குளிர்நீர் சுடுநீர்க் குழாய்க்குள் கலக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி, கைத்தெளிப்பானை மட்டும் மூடிவிட்டுக் கலவைக் குழாயைத் திறந்தே வைத்த குளியலறைதான். தொட்டியையும் தகட்டையும் மாற்றச் சொல்பவரின் பேச்சைக் கேட்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

பகல் வெயிலில் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுவது இயல்பு. சூடாகும்போது விரியும் நீர் வெளியேறுகிறது. இரவிலும் நிற்காமல் ஒழுகினால் வால்வை மாற்ற வேண்டும். அந்த வால்வின் வாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள். தொட்டி வெடிக்கும் அபாயம் உண்டு. மின்கட்டணம் திடீரென்று ஏறியிருந்தால் துணை மின்சூடேற்றியின் சுவிட்ச் நாள்முழுதும் போட்டபடி கிடக்கிறதா என்று பாருங்கள். சுடுநீர் துருநிறத்தில் வந்தால் தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியத் தண்டு கரைந்து தீர்ந்திருக்கலாம். தொட்டியின் உடல் அரிபடாமல் இருக்கத் தன்னையே கொடுக்கும் தண்டு அது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்ட விளக்குகளில் பெரும்பாலும் பேட்டரிதான் போகிறது. உள்ளே இருப்பது 1.2 வோல்ட் நிக்கல் வகையா, 3.2 வோல்ட் லித்தியம் வகையா என்று பார்த்து அதே வகையைப் போட வேண்டும். தெருவிளக்கின் ஒளி படும் இடத்தில் நட்டால், இன்னும் இருட்டவில்லை என்று எண்ணி விளக்கு எரியாமலே இருக்கும்.

ஆளை அழைக்கும்போது

நிலையான எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான செடா மலேசியாவில் பதிவுபெற்ற சோலார் நிறுவனத்தையோ, மின்வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்றவரையோ அழையுங்கள். பிழை எண், அது தோன்றிய நேரங்கள், முந்திய இரவின் மழை, வோல்டேஜ் குறிப்புகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் 'சரியாகிவிட்டது' என்ற வாய்ச்சொல்லோடு அனுப்பிவிடாமல், ஒவ்வொரு பலகை வரிசையின் திறந்த வோல்டேஜையும் (மின்னோட்டம் இல்லாதபோது உள்ள வோல்டேஜ்) பூமிக்கான காப்புத்தடையையும், நாள், வானிலை ஆகியவற்றோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை இன்வெர்ட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவையுங்கள். அடுத்து வருபவர் புதிய அளவுகளை அவற்றோடு ஒப்பிட்டே தேடலைத் தொடங்குவார்.